காலண்டருக்குக் கிடைத்த சத்தம்

தலைவர் அவர்களே, கடலூர் நண்பர்களே, வணக்கம்.

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி மனதில் பட்டதைச் சொன்னால் போதும் என்று அழைத்தார்கள். எனவே ஆராய்ச்சியை எதிர்பார்க்காதீர்கள், வெறும் அபிப்பிராயம்தான்.

'ஜெய் பீம்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2021இல் அது வந்தபோது நம் மாவட்டத்தில் எழுந்த கொதிப்பு உங்களுக்குத் தெரியும். படத்தில் சித்திரவதை செய்யும் உதவி ஆய்வாளரின் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில், வன்னியர் சமூகத்தின் அடையாளமான அக்கினிக் கலசம் இருந்தது. அத்தனை அறிக்கையும் மறுப்பும் அந்தச் சுவரைச் சுற்றியே நடந்தன. பிறகு காலண்டரை மாற்றினார்கள். மாற்றியது சரிதான், கதைக்கு அது தேவைப்படவே இல்லை.

என் குறை வேறு. 1993இல் கம்மாபுரம் போலீசாரின் சித்திரவதையில் இறந்த ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அவர் இருளர். ராஜாக்கண்ணு என்ற பெயர் நிஜம், வழக்கறிஞர் சந்துரு நிஜம், வழக்கு நிஜம். செத்தவரின் சமூகம் மட்டும் மாறிவிட்டது. இருளர் படும் பாட்டை நான் மறுக்கவில்லை. ராஜாக்கண்ணுவின் மனைவி செங்கேணியாக வரும் லிஜோமோல் ஜோஸ் காவல் நிலைய வாசலில் நிற்கும் நிற்பே போதும், நம்பிவிடுகிறோம். ஆனால் நகை காணவில்லை என்றதும் போலீஸ் வண்டி முதலில் யார் குடிசைக்குப் போகும் என்பதை விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சமூகத்தை ஏன் மாற்றினீர்கள் என்று சிலர் கேட்கத்தான் செய்தார்கள். காலண்டருக்குக் கிடைத்த சத்தம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2024இல் வந்த 'கொட்டுக்காளி'க்கும் இதே கதிதான். பின்னணி இசையே இல்லாத படம். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே சாமியாரிடம் அழைத்துப் போகிறது. இதைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கலாமா என்று திரைத்துறைக்குள்ளேயே விவாதித்தார்கள். விவாதிக்க வேண்டியது அதன் முடிவை. சாமியார் வேறொரு பெண்ணிடம் தவறாக நடந்துகொள்வதை, அவளைக் கூட்டிவந்த, அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டி பார்க்கிறான்; அடுத்து என்ன செய்வான் என்று சொல்லாமல் இயக்குநர் வினோத்ராஜ் படத்தை நிறுத்துகிறார். எனக்கு அது நியாயமான முடிவு. என் வீட்டில் மற்ற எல்லோருக்கும் ஏமாற்று வேலை.

'மெய்யழகன்' பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீளம் என்று புலம்பியதால் வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். இரண்டு பேர் இரவெல்லாம் பேசுவதுதான் படம். பேச்சைக் குறைத்துவிட்டு எதைப் பார்ப்பது?

இவற்றுக்கு நடுவே 'லப்பர் பந்து' சத்தமில்லாமல் தப்பித்துவிட்டது. நன்றாக ஆடுகிற அன்புவைச் சாதி பார்த்து அணிக்கு வெளியே நிறுத்துகிறார்கள் என்று நேராகவே சொல்கிற படம். மாமனார் மருமகன் சண்டையும், விஜயகாந்த் பாட்டும், சிக்சரும் இருந்ததால் அரங்கமே கைதட்டியது. அந்த அணியில் அன்புவுக்கு இடம் கொடுக்காதவர்களும் அரங்கில் உட்கார்ந்து கைதட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். எந்த ஊர் அரங்கில் என்று கேட்காதீர்கள். நான் பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டும்.