ஓரத்தில் இருக்கும் பெயர்

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய புத்தகம் ஒன்றைத் திறந்தால் எழுதியவர் பெயரைப் பார்ப்போம், அச்சிட்டவர் பெயரைப் பார்ப்போம். படத்தின் கீழ் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இன்னொரு பெயர் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. அப்படி ஓரத்தில் கிடக்கிற ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஹியரோனிமஸ் வீரிக்ஸ். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் நகரத்தில் புத்தகங்களுக்குச் செப்புத் தகட்டில் படம் வெட்டியவர். பிறந்தது 1553, மறைந்தது 1619. அண்ணன் யான், தம்பி அந்தோன் இருவருக்கும் அதே தொழில். மூவர் கையிலிருந்தும் வந்த படங்கள் 2000க்கும் மேல்.

ஹியரோனிமஸ் 12 வயதிலேயே ஜெர்மானிய ஓவிய மேதை டியூரரின் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதே மாதிரி செம்பில் வெட்டினான். கூடவே தன் வயதையும் அதில் பொறித்தான். சின்னப் பையனின் பெருமை. அது அவனுக்குத் தகும் என்றுதான் நான் சொல்வேன்.

ஏனென்றால் அது அவ்வளவு கடினமான வேலை. நம் சிற்பிகளைப் போல உளியைச் சுத்தியலால் தட்டுவதில்லை. உளியின் குமிழை உள்ளங்கையில் பொருத்தி முன்னால் தள்ள வேண்டும். செம்பு மெல்லிய சுருளாக எழும்பி வரும். வளைகோடு வேண்டுமென்றால் திருப்புவது தகட்டைத்தான். கை இருந்த இடத்திலேயே இருக்கும். போதாததற்கு எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். வீரிக்ஸின் படத்தில் ஒரு கன்னத்தை மட்டும் உருப்பெருக்கியில் பாருங்கள். வெளிச்சம் விழும் பக்கம் கோடு மயிரிழையாக மெலிகிறது. நிழலுக்குள் போகப்போகத் தடிக்கிறது. அதன் குறுக்கே இன்னொரு வரிசைக் கோடுகள். வெறும் கோடுதான், ஆனால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் போலத் தோன்றும்.

அச்சிடுவதும் லேசில்லை. அச்செழுத்தில் மை மேட்டில் நிற்கும், செப்புத் தகட்டில் பள்ளத்தில் நிற்கும். ஒரே பக்கத்தில் இரண்டும் வேண்டுமென்றால் தாள் இரண்டு இயந்திரங்களில் ஏறி இறங்க வேண்டும். அந்தச் செலவுக்குத் துணிந்தவர் ஆண்ட்வெர்ப்பின் பெரிய அச்சகத்தார் பிளாண்டின். வீரிக்ஸ் சகோதரர்களுக்கு வேலை கொடுத்தவரும் அவர்தான், அவர்களால் நொந்துபோனவரும் அவர்தான். அவர்கள் வேண்டுமென்றால் சாராயக்கடையில் போய்த் தேட வேண்டும், கடனை அடைக்க வேண்டும், அடகில் கிடக்கும் கருவிகளை மீட்டுத் தர வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். குடியால் வந்த கேடு அதோடு நிற்கவில்லை. 1578ல் ஹியரோனிமஸ் எறிந்த குவளை பட்டு ஒரு பெண் இறந்துபோனாள். அவர் சிறைக்குப் போனார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கை எறிந்ததும் உண்மை, வெட்டியதும் உண்மை.

சரி, அந்தக் கை செய்த பெரிய வேலைக்கு வருகிறேன். சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையைச் சேர்ந்த நடால் என்ற பாதிரியார் தியானத்துக்காக ஒரு நூல் எழுதிவைத்துவிட்டு 1580ல் இறந்தார். அதற்கான பைபிள் நற்செய்திக் காட்சிகள் 153 படங்களாக 1593ல்தான் வெளிவந்தன. பெரும்பகுதியை வெட்டியவர்கள் வீரிக்ஸ் சகோதரர்கள். ஒவ்வொரு காட்சிக்குள்ளும் ஏ, பி, சி என்று சின்ன எழுத்துகள் இருக்கும், கீழே அந்தந்த எழுத்துக்கு விளக்கம். கண் முதலில் எங்கே போக வேண்டும், அப்புறம் எங்கே என்று படமே கைபிடித்துக் கூட்டிப் போகும்.

கப்பல் ஏறிய பாதிரியார்கள் இந்தப் படங்களையும் கொண்டு போனார்கள். வீரிக்ஸ் படங்களைப் பார்த்து முகலாய ஓவியர்கள் வரைந்தார்கள். சீனத்தில் இருந்த சேசு சபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, வாயால் விளக்க முடியாததை இந்த நூலைக் கண்முன் வைத்துக் காட்டிவிட முடிகிறது என்று மகிழ்ந்து எழுதினார்.

சீனத்து மைக்கட்டி வியாபாரி ஒருவர் வெளியிட்ட அழகான படத்தொகுப்புக்கு ரிச்சி சில படங்கள் கொடுத்தார். இயேசு சிலுவையில் அறையப்படுவதற்கு முன்னால், அவருடைய சீடர் பேதுரு தண்ணீர்மேல் நடக்கும் காட்சியைத் தர ஆசை. ஆனால் நடாலின் நூல் அப்போது அவர் கையில் இல்லை. இருந்தது அந்தோன் வீரிக்ஸ் வெட்டிய வேறொரு படம்: உயிர்த்தெழுந்த இயேசு கரையில் நிற்கிறார், பேதுரு ஏரியில் இருக்கிறார். அதையே எடுத்துக் கொடுத்தார். சீனத் தச்சுக்கை அதை மரப்பலகையில் மறுபடி செதுக்கியது. அலையும் படகும் அப்படியே வந்தன. இயேசுவின் கையில் ஆண்ட்வெர்ப் உளி வெட்டியிருந்த ஆணிக்காயத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.