இதயத்துக்கான வரிசையில் பெண்களுக்கு என்ன நடக்கிறது?

(திரையில்: கேப் டவுன், 1967 டிசம்பர் 3. பழைய கருப்பு வெள்ளைப் படம்.)

உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை. செய்தவர் கிறிஸ்டியான் பர்னார்ட், இதயத்தைப் பெற்றவர் லூயிஸ் வாஷ்கான்ஸ்கி. வினாடி வினாவுக்குப் படித்தவர்கள் இவ்வளவு சொல்லிவிடுவார்கள். கொடுத்தவர்? டெனிஸ் டார்வல், கார் மோதியதில் உயிரிழந்த 25 வயதுப் பெண். அவருடைய இதயம் அந்த ஆணின் நெஞ்சில் 18 நாள் துடித்தது.

அவரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

(திரையில்: அமெரிக்க வரைபடம். அதன் மேல் நீளும் ஒரு வரிசை.)

அமெரிக்காவில் மாற்று இதயத்துக்குக் காத்திருப்போரில் பெண்கள் ஏறத்தாழ கால்பங்கு. 2018க்கு முன் இந்த வரிசைக்கு மூன்று படிகள். மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கான '1ஏ' படியில், காத்திருக்கும்போதே இறந்துபோகும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வேடிக்கை என்னவென்றால், நிலைமை அவ்வளவு மோசமாகாத கடைசிப் படியில் பெண்கள்தான் ஆண்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் மேல் படியில் மட்டும் ஏன் இப்படி?

முதல் காரணம், பிள்ளை பெற்றது. ஆமாம், அதுதான்.

(திரையில்: கருவில் குழந்தை. பாதி நீலம், பாதி மஞ்சள்.)

குழந்தையின் திசு அடையாளங்களில் பாதி அப்பாவுடையவை. தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை 'வெளியாள்' என்று குறித்துக்கொண்டு, அவற்றைத் தாக்கும் ஆன்டிபாடிகள் என்ற புரதங்களை உருவாக்கலாம். பிரசவத்தோடு அவை போய்விடுவதில்லை, பல வருடம் ரத்தத்திலேயே தங்கலாம். அதே அடையாளம் உள்ள ஒருவரின் இதயம் பிற்பாடு கிடைத்தால், உடம்பு அதைத் தாக்கும். அதனால் ஒவ்வோர் ஆன்டிபாடியும் கொடையாளர் பட்டியலில் கொஞ்சம் பேரை அடித்துவிடுகிறது. ரத்தம் ஏற்றினாலும் இவை உருவாகலாம், ஆனால் கர்ப்பம் பெண்ணுக்கு மட்டும்தானே. தாய்மைக்கு இப்படியும் ஒரு பில் வருகிறது.

(திரையில்: ஆறு படிகள். மேலிருந்து இரண்டில் விளக்கு எரிகிறது.)

அடுத்தது கருவிகள். இந்த வரிசை ரேஷன் கடை வரிசை மாதிரி இல்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர் முன்னால். ஆபத்தை அளப்பது எப்படி? 2018 அக்டோபரில் வந்த ஆறு படி முறையில், உடம்பில் எந்தக் கருவி ஓடுகிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும். இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் உடம்புக்கு வெளியே இருந்து செய்யும் எக்மோ இயந்திரத்தில் இருந்தால் முதல் படி. ரத்தக்குழாய்க்குள் விரிந்து சுருங்கி இதயத்துக்கு உதவும் பலூன் பம்ப் இருந்தால் இரண்டாம் படி. பலூன் பம்பைப் பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியாகத்தான் செலுத்துவார்கள். பெண்களுக்கு அந்தக் குழாய் குறுகலாக இருப்பதால் சிக்கல்களும் அதிகம்.

இதயத்துக்குத் துணையாக உள்ளே வைக்கும் பம்பின் கதை இன்னும் மோசம். ஹார்ட்மேட் எக்ஸ்விஇ என்ற பழைய பம்ப் வயிற்றுப் பகுதியில் உட்கார வேண்டும். உடல் பரப்பு 1.5 சதுர மீட்டராவது வேண்டும் என்பது நிபந்தனை. 150 செ.மீ. உயரம், 45 கிலோ எடை உள்ள பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1.37தான் வரும். உயிர் காக்கும் கருவி, ஆனால் சைஸ் இல்லை. சின்னதான ஹார்ட்மேட் 2 அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2008இல்.

(திரையில்: இரண்டு இதயங்கள், தராசில்.)

'சின்ன உடம்புக்குச் சின்ன இதயம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்' என்பார்கள். மிகச் சிறிய உடம்புக்கு அது சரி. ஆனால் சராசரியாக 70 கிலோ எடையுள்ள ஆணின் இதயத்தை எந்த அளவுள்ளவருக்கும் வைக்கலாம் என்றது 2010இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அது தயங்கியது எதிர்த் திசையில். ஒரே உயரம், எடை என்றாலும் பெண்ணின் இதயம் ஆணுடையதைவிடச் சிறியது. எனவே பெண்ணின் இதயத்தை ஆணுக்கு வைக்கும்போது கவனம் தேவை. டார்வலின் இதயம் இன்று கிடைத்திருந்தால், வாஷ்கான்ஸ்கிக்குக் கொடுக்கும் முன் மருத்துவர்கள் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

(திரையில்: கல்லீரல்.)

பக்கத்து வரிசையில் ஒரு திருத்தம் நடந்திருக்கிறது. கல்லீரலுக்குக் காத்திருப்போரில் யார் முன்னால் என்பதை ஒரு மதிப்பெண் சொல்லும், நோய் முற்ற முற்ற அது கூடும். சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. அது தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் நோய் முற்றினாலும் மதிப்பெண் குறைவாகவே காட்டியது. 2023 ஜூலையில் அமெரிக்காவில் கணக்கை மாற்றினார்கள். இப்போது பெண் என்றால் கூடுதலாக 1.33 புள்ளி.