வேடியப்பன் கல்லும் வேல் நுனியும்

வணக்கம் நேயர்களே. போர் விளையாட்டுக்கென்று 28 மில்லிமீட்டர் உயரத்தில் சின்னஞ்சிறு படைவீரர் பொம்மைகள் வருகின்றன. வண்ணம் தீட்டுவோர் பலரும் ரோமானியர், கிரேக்கர் என்றே தீட்டுகிறார்கள். நம் தர்மபுரி வீரனைத் தீட்ட ஆதாரம் வேண்டுமா? வரப்போரத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிறோமே, அந்தக் கல்லைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அது போரில் மாண்ட வீரனுக்கு நட்ட நடுகல்தான்.

காலை 7 மணிக்கோ மாலை 5 மணிக்கோ போங்கள். புடைப்பு மெல்லியது, சாய்ந்த வெயிலில்தான் நிழல் விழுந்து உருவம் எழும். உச்சி வெயிலில் ஒன்றும் பிடிபடாது. எழுத்துத் தெரியவில்லை என்று சாக்பீஸால் தேய்க்காதீர்கள், கல் கெடும். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், முடிந்த கொண்டை, இறுக்கிய கச்சை எல்லாம் கிடைக்கும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், இருந்தால் அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெயர் இருந்தால் கல்லில் இருப்பவன் 7ஆம் நூற்றாண்டை ஒட்டிய வீரன். தகடூர் என்ற இந்தத் தர்மபுரியை ஆண்ட சங்ககால அதியமான் அவனுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர். காலத்தைக் கலக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், காலத்தைக் கலக்காதீர்கள்.

கல்லில் நிறம் இருக்காது. அதன்மேல் இருக்கும் மஞ்சளும் குங்குமமும் நாம் பூசியவை. கோபுரச் சுதைகளின் நிறமோ கும்பாபிஷேகத்துக்கு அடித்த பெயிண்ட். அதியமான் படைக்குப் பாட்டுகளில்தான் நிறம் தேட வேண்டும். ஆநிரை கவரப் போகிறவனுக்குச் சிவந்த வெட்சி, நேருக்கு நேர் மோதுகிறவனுக்கு வெள்ளைத் தும்பை. கொண்டையில் ஒரு புள்ளி வையுங்கள், எந்தப் போருக்குப் போகிறான் என்பது விளங்கிவிடும்.

ஆயுதத்துக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். அதியமானின் தூதாகப் போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல்மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. எவ்வளவு துல்லியமான குறிப்பு பாருங்கள்! தொண்டைமான் வேலுக்கு இலைப்பகுதியில் மட்டும் பளபளக்கும் வார்னிஷ், காம்பருகே நீலமும் பச்சையும் கலந்த பீலி. அதியமான் வேலுக்கு நுனியை அரத்தால் லேசாகத் தேய்த்து, தேய்ந்த விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளிக் கோடு. துரு வேண்டாம், நாளும் புழங்குகிற இரும்பு அது.

நேரம் நெருங்குகிறது, மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உடல் நிறத்துக்குக் கரும்பழுப்பில் தொடங்கி, மேடான இடங்களுக்கு மஞ்சட்காவி கலந்து வெளுப்பாக்குங்கள். வெள்ளை கலந்தால் சாம்பல் பூத்துவிடும். பெயிண்டைத் தண்ணீரில் இளக்கி இருமுறை பூசுங்கள். கெட்டியாக அப்பினால் முகம் மூடிப்போகும். துணிக்கு வெள்ளை, காவி, அவுரி நீலம் போதும். கண்ணைப் பறிக்கும் ஊதா வேண்டாம், அந்த ரசாயனச் சாயம் 1856இல்தான் பிறந்தது. சித்திரை வெயிலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு ஸ்பிரேயை அடித்தால் பொம்மையைத் தொடுமுன்பே காய்ந்து மணல்போல ஒட்டும், அதிகாலையிலேயே அடித்துவிடுங்கள். வணக்கம்.