செருப்போடு வரும் பார்வோ

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர், குட்டியை வாசற்படிகூடத் தாண்ட விடலையே, எப்படி வந்தது?" ஊரில் நாய்க்குட்டிகளுக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் பரவும்போது கால்நடை மருத்துவர்களான எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. குட்டி வெளியே போகவில்லை, சரி. நீங்கள் போய் வந்தீர்களே! நோய் கண்ட நாயின் மலத்தில் இந்த வைரஸ் ஏராளமாக வெளியேறும். அதை மிதித்த செருப்பு போதும், பைக் டயர் போதும். வெயில் படாத ஈர மண்ணில் அது ஓராண்டு வரைகூடக் கிடக்கும். அதனால் வெளிச் செருப்பு வாசலோடு நிற்கட்டும். பக்கத்து வீட்டு நாயைக் கொஞ்சிவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உங்கள் குட்டியைத் தூக்குங்கள்.

பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். பார்வோ அதற்கெல்லாம் அசராது. கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் சானிடைசரும் வேலைக்கு ஆகாது. பிளீச்சுக்குத்தான் அது அடங்கும். முதலில் அழுக்கைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, கடையில் விற்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். காயும்வரை நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். டாய்லெட் ஆசிட்டை மட்டும் அதோடு கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

அப்புறம் தடுப்பூசி. ஓர் ஊசி போட்டாயிற்றே என்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியையும் சேர்த்தே முறியடித்துவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஊசிக்காகக் கிளினிக் வரும்போதும் குட்டியைத் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள். நோயாளி நாய்கள் வந்துபோகும் இடம் அது.

நோய் வந்த குட்டி சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்காமல் சுருண்டு படுக்கும், வாந்தி எடுக்கும், அடுத்து நாற்றமடிக்கும் ரத்தப்பேதி. பிடரித் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு சட்டென்று இறங்காமல் நிற்கிறதா? உடம்பில் நீர் வற்றிவிட்டது. நமக்கு வாங்கிய பேதி மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காமல் உடனே தூக்கி வாருங்கள். சிகிச்சை பெரும்பாலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான். சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டால் பல குட்டிகள் பிழைத்துவிடும். மனிதருக்கு இது தொற்றாது, பயமின்றித் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

குட்டியைப் பறிகொடுத்த வீட்டில், பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அடுத்த வாரமே இன்னொன்றை வாங்கிவந்துவிடுகிறார்கள். தோட்டத்து மண்ணைப் பிளீச் ஊற்றிக் கழுவ முடியாது. ஓராண்டு பொறுங்கள், இல்லையென்றால் எல்லாத் தவணை ஊசியும் முடிந்து இரண்டு வாரமாவது ஆன நாயாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.