வந்த கோபமும் வைத்துக்கொண்ட கோபமும்

நேயர்களுக்கு வணக்கம். போன மாதம் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு யார் துணைக்குப் போவது, எந்த நாள் வசதி என்றெல்லாம் கேட்டிருந்தேன். பதில் ஒரே சொல்: "சரி".

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. 'அவளுக்கு அக்கறையே இல்லை, எல்லாம் என் தலையில்தான்' என்று மனம் பொருமிக்கொண்டே இருந்தது. இரவு பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அவள் எழுதியது இரண்டே எழுத்து. அக்கறை இல்லை என்று எழுதிச் சேர்த்தது நான்.

தமிழில் 'எனக்குக் கோபம் வந்தது' என்கிறோம், மழை வந்தது என்பதுபோல. 'கோபித்துக்கொண்டேன்' என்றும் சொல்கிறோம். அதில் செய்தவள் நான். இரண்டுமே உண்மைதான். அந்தச் சொல்லைப் பார்த்ததும் முகம் சுட்டதே, அதை நான் அழைக்கவில்லை. ஆனால் காலையில் வந்ததை இரவு வரை உட்காரவைத்து, பழைய கணக்கையெல்லாம் எடுத்து அதன் முன்னால் பரப்பியது நான்தான்.

ரோமில் அடிமையாக இருந்து தத்துவ ஆசிரியரான எபிக்டீட்டஸ், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கற்பித்தார்: நம்மைக் கலக்குவது நடந்த காரியமல்ல, அதைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணம். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் மனச்சோர்வுக்கு உருவாக்கிய சிகிச்சையும் இதை ஒட்டியதே. தானாக ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்கப் பழக்குவார்கள்.

அப்படியானால் கோபமே படக் கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. உறுப்பை வெட்டுவது, குடியைக் கெடுப்பது, அடித்து வருத்துவது, கொலை என்று வெகுளி, அதாவது கோபம், பிறக்கும் இடங்கள் நான்கைத் தொல்காப்பியம் சொல்கிறது. நான்குமே கொடுமைகள். உழைத்த கூலியைத் தராமல் இழுத்தடிப்பவர்மேல் ஒருவருக்கு வரும் கோபத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. அடிபட்டவரிடம் போய் 'எல்லாம் உன் எண்ணம்தான்' என்பது இன்னொரு அடி. தெரிந்து வைத்துக்கொள்ளும் கோபம் வேறு, தெரியாமலே வளர்த்துவிடும் கோபம் வேறு.

சரி, தங்கை விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் போன் செய்தேன். 'ஏன் சரின்னு மட்டும் போட்ட?' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "உனக்கு எந்த நாள் தோதுப்படும்?" என்றேன். "வெள்ளிக்கிழமை" என்றாள். குரலில் எரிச்சல் இருக்கத்தான் செய்தது. "என்னடி ஆச்சு?" என்றேன். அரை மணி நேரம் பேசினாள்.