டாம் ராபின்சன் செய்த ‘குற்றம்’

நண்பர்களே, வணக்கம். ஹார்ப்பர் லீ எழுதி 1960-ல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவல் என்றாலே எல்லாரும் வக்கீல் ஆட்டிகஸ் ஃபின்ச்சைத்தான் புகழ்கிறோம். இன்று நான், ஆட்டிகஸ் யாருக்காக வாதாடினாரோ அந்த டாம் ராபின்சனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1930-களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில் நடக்கும் கதை. டாம் கறுப்பினத் தொழிலாளி, மூன்று பிள்ளைகளின் அப்பா. மயெல்லா யூவல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை அடித்துப் பலாத்காரம் செய்தார் என்று அவர்மீது வழக்கு. மயெல்லாவுக்குக் காயம் முகத்தின் வலப்பக்கம். டாமின் இடது கையோ சிறு வயதிலேயே பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கி முடங்கிப்போனது. அந்தப் பெண்ணின் அப்பா பாப் யூவல் இடது கைக்காரர். டாக்டரை யாரும் கூப்பிடவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் வழக்கின் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. கூலி வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசு வக்கீல் கில்மர் கேட்கிறார். வளர்ந்த மனிதரை ‘பையா’ என்றுதான் கூப்பிடுகிறார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று டாம் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், கில்மர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு கறுப்பர் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா? யூவல் குடும்பம் குப்பைமேட்டை ஒட்டி வாழ்கிறது. ஊரில் அவர்களை யாரும் மதிப்பதில்லை. அவர்களிடம் மிச்சமிருப்பது வெள்ளைத் தோல் ஒன்றுதான். டாமின் இரக்கம் அந்த உயரத்தையும் இல்லாமல் ஆக்கிவிட்டது. வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருந்த ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் ஊர்மக்கள் குழு, டாமைக் குற்றவாளி என்றது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இது வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. 1931-ல் அதே அலபாமாவில், ஸ்காட்ஸ்பரோ வழக்கில், ரயிலில் வந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இதே குற்றச்சாட்டு. முதல் விசாரணையிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை. புகார் சொன்ன இரண்டு பெண்களில் ஒருவர், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று 1933-ல் நீதிமன்றத்திலேயே சொன்னார். அப்போதும் ஜூரி நம்பவில்லை.

நாவலில் என்னை அதிகம் பயமுறுத்துகிறவர் பாப் யூவல் அல்ல, பள்ளி ஆசிரியை மிஸ் கேட்ஸ். ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துவது அநியாயம் என்று வகுப்பில் மனதாரச் சொல்கிறவர் அவர். அவரேதான், வழக்கு முடிந்து வெளியே வரும்போது, கறுப்பர்களுக்கு யாராவது பாடம் புகட்ட வேண்டிய நேரம் இது என்கிறார். தூரத்து அநியாயம் கண்ணில் படுகிறது. பக்கத்துத் தெருவில் நடப்பது படவில்லை. இந்த முரண்பாட்டைக் கவனித்துவிட்டு அண்ணனிடம் போய்க் கேட்பவள் ஆட்டிகஸின் மகள், சிறுமி ஸ்கவுட்.

நாவல்மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. டாம் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது பதினேழு குண்டுகள் பாய்ந்து இறக்கிறார். அதை நாம் ஆட்டிகஸ் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். அவருடைய மனைவி ஹெலன், யூவல்கள் தொல்லை கொடுக்கிறார்கள் என்று ஏறக்குறைய ஒரு மைல் சுற்றி வேலைக்குப் போகிறார். இது போகிறபோக்கில் சொல்லப்படும் செய்தி. ஹெலன் என்ன நினைத்தார், பிள்ளைகளிடம் என்ன சொன்னார் என்று நாவல் கேட்கவே இல்லை. நான் இந்தப் புத்தகத்தை நேசிக்கிறேன். அதனால்தான் அந்தப் பக்கங்கள் எழுதப்படாமல் போனது எனக்கு இவ்வளவு வலிக்கிறது.