தங்கப் பல்லியின் முகவரி

நேயர்களே, வணக்கம். "எங்கள் வீட்டுக்குத் தங்கப் பல்லி வந்திருக்கிறது, உடனே வாருங்கள்" என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. போய்ப் பார்த்தால், டியூப்லைட் அருகில் வெளிறிப்போய் மஞ்சளாகத் தெரியும் சாதாரண வீட்டுப் பல்லி. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வந்த குடும்பமென்றால் எளிதில் விட மாட்டார்கள். "நன்றாகப் பாருங்கள் சார், மின்னுகிறதே!" என்பார்கள். காபி வேறு வந்துவிடும். மறுத்துப் பேசவும் சங்கடம்.

நிறத்தை நம்பாதீர்கள். இதை இன்னொரு தடவையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உண்மையான தங்கப் பல்லி ஒரு தனி இனம். அதை 1870இல் அறிவியலுக்காக முதலில் விவரித்தவர் பெடோம். சென்னை மாகாணக் காட்டிலாகா அதிகாரி. அவருக்கு அது கிடைத்தது திருப்பதி மலையில். அதிலும் பொன்னிறம் பளிச்சென்று தெரிவது ஆணுக்குத்தான், இனப்பெருக்கக் காலத்தில்தான். பெண்ணும் குஞ்சும் மங்கலான பழுப்பு. பாறையோடு பாறையாக ஒன்றிவிடும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் இடத்தை. சேஷாசலம் போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகளின் பாறை வெடிப்புகள், குகைகள், ஓடையோரத்து நிழல் பாறைகள்: இவைதான் அதன் வீடு. வேலூர்ப் பக்கத்துக் குன்றுகளிலும் பதிவாகியிருக்கிறது. பகலெல்லாம் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வெளியே வரும். உங்கள் சமையலறைக்கு அது வருவதற்கு முகாந்திரமே இல்லை.

அடுத்தது முட்டை. காலண்டரை எடுக்கும்போது வீட்டுப் பல்லியின் முட்டை உருண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தங்கப் பல்லியின் முட்டை உருளாது, பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பல பெண் பல்லிகள் ஒரே பாறையில் பக்கம் பக்கமாக இடுவதால், புது முட்டைகளுக்கு நடுவே பழைய ஓடுகளின் வெள்ளை வளையங்களும் தெரியும். பல்லியே கண்ணில் படாவிட்டாலும் எனக்கு அந்த வளையங்கள் போதும். நிறம்? அதை நம்பாதீர்கள் என்றேனே.

பிறகு கால்விரல். வீட்டுப் பல்லிக்கு அகன்ற பட்டையைத் தாண்டி நகம் நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கோ விரல் நுனியே சதுரமாக விரிந்திருக்கும். ஆனால் விரலைப் பார்க்கிறேன் என்று பிடித்துவிடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற பிராணி. டார்ச்சும் கண்ணும் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. இலங்கைப் பல்லியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். தங்கப் பல்லி சேர்ந்த பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழுவில், இரண்டே இனங்கள். இரண்டாவது, இலங்கையின் தென்கிழக்குப் பாறைகளில் வாழ்கிறது. 1953இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல விவரித்தார். அதுவும் குகைவாசிதான். வணக்கம்.